முதலில் காகிதம், அப்புறம் இரும்பு

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். கோலார் தங்கவயலில் வேலை பார்த்த என் தாத்தா நான்கு மாதம் முன்பு காலமானார். அவர் பெயரில் லைசென்ஸ் உள்ள ஒரு குட்டி ரிவால்வர் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஐந்து தோட்டா போடலாம். மேலே ‘பிரிட்டிஷ் புல்டாக்’ என்று பொறித்திருக்கிறது. சிலிண்டரில் ஒரு நீள்வட்டத்துக்குள் இ, எல், ஜி என்ற எழுத்துகள், கீழே ஒரு நட்சத்திரம். இது வெப்லி கம்பெனி சரக்குதானா? இதை முதலாக வைத்து ஐந்தாறு பழைய ரிவால்வர்களைச் சேர்த்துக் கண்ணாடி அலமாரியில் வைக்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: தம்பி, உங்கள் ஆசையைப் பற்றிப் பேசும் முன் அந்த ‘நான்கு மாதம்’ என்ற சொல்லைப் பற்றிப் பேசிவிடுகிறேன். லைசென்ஸ் தாத்தாவுக்குக் கொடுத்தது, அவரோடு முடிந்துவிட்டது. பேரன் என்பதற்காக அது தானாக உங்களுக்கு வந்துவிடாது. இப்படி உரிமம் இல்லாமல் போன ஆயுதத்தைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. ஒப்படைத்தால் பொருள் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாரிசு உரிமம் கிடைத்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை.

ஆனால் அதைப் பையில் போட்டு ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கொண்டுபோவதும் தனிக் குற்றம்தான். இறப்புச் சான்றிதழ் நகலும் பழைய லைசென்ஸ் நகலும் வைத்து, ‘இப்படி ஒரு ஆயுதம் வீட்டில் இருக்கிறது, எப்படி ஒப்படைப்பது’ என்று உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். அதுவரை உள்ளே தோட்டா இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள், விசையைத் தொட வேண்டாம். பெட்டியின் மூலையில் பழைய தோட்டா ஏதாவது கிடந்தால் அதையும் கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள். நூறு வருடப் பழையதானாலும் சட்டத்தின் கண்ணில் அது வெடிபொருள்தான்.

சரி, இப்போது அந்தக் குட்டி ரிவால்வருக்கு வருவோம். இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்த வெப்லி நிறுவனம் 1872-இல் ‘புல்டாக்’ என்ற பெயரில் கோட்டுப் பையில் அடங்கும் ஐந்து அறை ரிவால்வரைக் கொண்டுவந்தது. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. உடனே பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் பட்டறைகள் அதே அச்சில் ஆயிரக்கணக்கில் செய்து உலகமெங்கும் அனுப்பின. நீங்கள் பார்த்த இ, எல், ஜி என்பது லியேஜ் சோதனைச் சாலையின் முத்திரை. பர்மிங்காமில் சோதித்ததென்றால் கிரீடமும் அதன் கீழே குறுக்காகக் கிடக்கும் இரண்டு செங்கோல்களும் இருந்திருக்கும். ஆக, உங்கள் தாத்தாவுடையது வெப்லி அல்ல, பெல்ஜியத்துக்காரர்கள் செய்தது.

ஏமாற்றமாக இருக்கிறதா? ஒரு லென்ஸ் பிடித்து மறுபடி பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. லியேஜ் முத்திரையில் நீள்வட்டத்தின் தலையில் கிரீடம் சேர்ந்தது 1893-இல். நீங்கள் எழுதியபடி கிரீடமே இல்லை என்றால், அது அதற்கும் முந்தியது. தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் சுரங்க வேலையைத் தொடங்கிய காலத்தை ஒட்டிய பொருள். யார் கையிலிருந்து யார் கைக்கு வந்து உங்கள் தாத்தாவிடம் சேர்ந்தது என்பதைக் கண்டுபிடிக்க முடிந்தால், அதன் மதிப்பே வேறு. ஒப்படைக்கப் போகும்போது காவலரிடம் கேட்டு, அவர் எதிரிலேயே முத்திரைகளைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் லைசென்ஸில் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று. வாரிசாக வந்தாலும் இதே கணக்குதான். ஆகவே சுடக்கூடிய ஐந்தாறு ரிவால்வர் என்ற எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். இன்னொன்று, சேகரிப்பவர்கள் எல்லோரும் கேட்பது முதல் உலகப் போர்க் கால வெப்லி ஆறாம் மார்க் ரிவால்வரைத்தான். அதன் தோட்டா அளவு .455. அதுவும், 1932-இல் வந்த என்ஃபீல்டின் .380 ரிவால்வரும் தடைசெய்யப்பட்ட ரகத்தில் வருகின்றன. மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் தண்டனை 7 ஆண்டிலிருந்து தொடங்குகிறது. ‘சர்வீஸ் பீஸ் சார், விலை குறைச்சல்’ என்று யாராவது காதில் சொன்னால் நின்று பேசக்கூட வேண்டாம்.

அப்படியானால் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படவே முடியாத பழங்கால ஆயுதத்துக்குச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. 2020 பிப்ரவரியில் வந்த விதித் திருத்தமும், ‘அரும்பழம்பொருள்’ என்ற வகையில் வரும் சிறு ஆயுதத்தை வாங்கி வைத்திருக்க இந்தியக் குடிமகனுக்கு உரிமம் தேவையில்லை என்றது. அதைப் பயன்படுத்தவோ வெளியே எடுத்துச் செல்லவோ உரிமம் வேண்டும். ஆனால் எது அந்த வகையில் வரும் என்று நீங்களோ நானோ விற்பவரோ முடிவு செய்யக் கூடாது. பெங்களூரு நகரத்தில் உரிம அதிகாரி போலீஸ் கமிஷனர். இன்ஃபன்ட்ரி ரோட்டில் அவர் அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். வாய்ச்சொல்லை நம்பி வாங்கிய நல்ல மனிதர்கள் கோர்ட்டுக்கு அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சிக்பேட்டை சண்டே பஜாரிலோ சிவாஜிநகர்ச் சந்துகளிலோ திரியும்போது இரும்பைத் தேடாமல் அதைச் சுற்றி இருந்தவற்றைத் தேடுங்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். காலியான வெடிமருந்துக் குடுவை, மருந்தைப் பற்றவைக்கும் சின்ன வெடித்தொப்பிகள் இருந்த தகர டப்பா, தோல் உறை, பழைய கடை விலைப்பட்டியல், 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கொடுத்த லைசென்ஸ் தாள்கள். ஒரு ரிவால்வருக்கு அதன் உறையும் தாளும் சேர்ந்துவிட்டால், தாளில்லாத பத்து ரிவால்வரை விட அதை மேலாக மதிப்பேன். கோல்ட் ரிவால்வரை உருவாக்கிய சாமுவேல் கோல்ட் 16 வயதில், 1830-இல், கல்கத்தாவுக்கு வந்த கப்பலில்தான் தன் முதல் மர மாதிரியைச் செதுக்கினார் என்பார்கள். நம் கரைக்கும் ரிவால்வருக்கும் அப்படி ஒரு பழைய உறவு. சென்னை போகும்போது கோட்டை அருங்காட்சியகத்திலும் எழும்பூரிலும் ஆயுதப் பிரிவுகளுக்குப் போய் ஒரு நாள் முழுக்கச் செலவிடுங்கள். கண் பழகிவிட்டால் போலி தானாகத் தெரியும்.

போலியைப் பற்றி இரண்டு வார்த்தை. வடமேற்கு எல்லைப்புறத்தில் கையாலேயே செய்த நகல்களில் ஆங்கில எழுத்து தலைகீழாகவோ இடவலம் மாறியோ விழுந்திருக்கும். எழுத்து தெரியாத கை, அச்சைப் பார்த்துக் கீறியது. ராணுவச் சரக்கில் அரசாங்கச் சொத்தென்று காட்டும் அம்புக்குறி இருக்கும். அதை விற்றுவிட்டிருந்தால் இரண்டு அம்புகள் முனையோடு முனை பார்த்து நிற்கும். ஒற்றை அம்பு மட்டும் இருந்தால், வெளியே எப்படி வந்தது என்ற கேள்வியை விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

பராமரிப்பில் நான் செய்த ஒரு தவறு இன்றும் உறுத்துகிறது. ஆரம்ப காலத்தில், துருப்பிடித்து இறுகிப்போன ஒரு 1851 கோல்ட் நேவி ரிவால்வர் என் கைக்கு வந்தது. அந்தச் சிலிண்டரைச் சுற்றி 1843-இல் நடந்த கம்பேச்சே கடற்போர் செதுக்கப்பட்டிருக்கும், பாய்மரங்கள் மயிரிழை அளவில். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவது போலப் பித்தளைப் பாகத்தைப் புளியால் தேய்த்தேன், இரும்பை உப்புத்தாளால். அரை மணி நேரத்தில் கப்பல்கள் போய்விட்டன. புளி, உப்புத்தாள், பாலிஷ் எதுவும் வேண்டாம். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, மெல்லிய கனிம எண்ணெயைத் துணியில் ஒற்றித் தடவுங்கள், போதும். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரம் இழுக்கும், ஜூன் மழைக்குள் துரு ஏறிவிடும். அலமாரிக்குப் பூட்டும், உள்ளே சிலிக்கா ஜெல் பையும் இருக்கட்டும். நூறு வருடம் தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு எடுத்துப்போக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது, அதையும் நினைவில் வையுங்கள்.

வாரிசு உரிமத்துக்கான மனு எழுதும்போது, பாட்டி இருந்தால் அவரிடம் உட்கார்ந்து, தாத்தாவுக்கு அது எந்த வருடம், யாரிடமிருந்து வந்தது என்று கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். தங்கவயலில் அவரோடு வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் இந்த மாதமே போய்ப் பார்த்துவிடுங்கள்.