அந்தத் தம்பியின் பெயர் என்ன?

கேள்வி: கூடலூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பந்தலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்த அம்மா, ஓய்வு பெற்று லைன் வீட்டைக் காலி செய்த பிறகு எங்களோடுதான் இருக்கிறார். ஒரு குறையும் வைக்கவில்லை. 1973-இல், பதினான்கு வயதில், இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அவர் ஆரம்பித்தால் மீதியை நானே சொல்லி முடித்துவிடுவேன். போன முறை அதில் புதிதாக ஒரு தம்பியைச் சேர்த்தார். "உனக்கு ஏதும்மா தம்பி? கோத்தகிரிப் பெரியம்மா மட்டும்தானே" என்றேன், பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மாத்திரை வேளை, ரேஷன் தேதி எல்லாம் தவறாமல் சொல்கிறவர், இரண்டு மாதமாக யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. ஞாபக மறதி நோயா? எந்த மருத்துவரிடம் காட்டுவது? (நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்)

பதில்: சகோதரிக்கு,

உங்கள் நான்கு பக்கங்களில் மூன்று பக்கம், கம்பளி, ஹீட்டர், தனி அறை என்று அம்மாவுக்கு நீங்கள் செய்து கொடுத்தவற்றுக்கே போய்விட்டது. அதற்காக நான் உங்களைப் பாராட்டப் போவதில்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்து பறித்து உங்களை ஆசிரியை ஆக்கியவருக்கு அவை பிள்ளை பட்ட கடன். என் கண் நின்றது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியில்தான். ஐம்பது ஆண்டுகளாக வாய் திறக்காத ஒன்றை ஒரு நாள் உங்கள் அம்மா உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். நீங்கள் மாணவியின் விடைத்தாளைத் திருத்துவது போல அவரைத் திருத்தினீர்கள், பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள், அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு இரண்டு மாதமாக அவர் ஏன் பேசவில்லை என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

அம்மாவின் கப்பல் கதை எங்கிருந்து தொடங்குகிறது என்பதாவது உங்களுக்குத் தெரியுமா? 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டங்களில் உழைக்க இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்து, நாடற்றவர்களாக நின்ற மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தாளில் அது கணக்கு. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளான லயத்தில் அது, அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தங்கைக்கு இலங்கைக் குடியுரிமையும் வந்து சேர்ந்த குடும்பங்களின் கதை. இலங்கைக் கரையின் கப்பல் துறையான தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையகத்தில் அழுகைக் கோச்சி என்றே பெயர். அங்கிருந்து கப்பலில் ராமேசுவரம், பிறகு வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம், பிறகு இவர்களுக்கென்றே 1968-இல் நீலகிரியில் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டம். அந்தக் கப்பலும் 1984-இல் நின்றுபோனது. அக்கரையில் விடுபட்டவர்களைத் தேடிப் போக, கூலிக்குக் கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்கு அதன் பிறகு என்ன வழி இருந்திருக்கும்?

அந்தத் தம்பி அக்கரையில் நின்றவனா, வழியில் இறந்தவனா, பெற்றோர் யாரிடமாவது வளர்க்கக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளையா என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, ஆனால் அவன் இல்லை என்று தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு ஒரு நொடி போதுமாக இருந்திருக்கிறது.

"மீதியை நானே சொல்லி முடித்துவிடுவேன்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது. கப்பல் என்ற சொல் வந்ததும் ராமேசுவரம் வரை நீங்களே ஓட்டிக்கொண்டு போய்விட்டால், தலைமன்னார்த் துறையில் கொஞ்ச நேரம் நின்று யாரையோ திரும்பிப் பார்க்க அவருக்கு எப்போது இடம் கிடைத்திருக்கும்? ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பெரியவர்கள் பலரை நான் அறிவேன். அவர்களில் பலர், சொல்ல முடியாத ஓரிடத்தின் விளிம்பு வரை வந்து, கேட்பவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள். பெற்றவர்களுக்குச் சோறு போடுவதோடு கடமை முடிந்தது என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க அந்த வீட்டில் ஓர் ஆள் இல்லாவிட்டால், தனி அறையும் அவர்களுக்கு முகாம்தான்.

மருத்துவரைக் கேட்டீர்கள். அடுப்பை அணைக்க மறக்கிறார், தெரிந்த வழியில் தடுமாறுகிறார், பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றிச் சொல்கிறார் என்றால் தாமதிக்காமல் அழைத்துச் செல்லுங்கள். பேச்சு நின்றதோடு சாப்பாடும் தூக்கமும் குறைந்திருந்தாலும் காட்டத்தான் வேண்டும். ஆனால் ரேஷன் தேதி தவறாதவருக்கு, கூடப் பிறந்தவன் விஷயத்தில் மட்டும் புத்தி தடுமாறியது என்று முடிவு கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

முதலில் மன்னிப்புக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் போதாது. பிள்ளைகள் முன்னால் நடந்ததைப் பிள்ளைகள் முன்னால்தான் சரிசெய்ய வேண்டும். பிறகொரு நாள் மாலை, டிவியை அணைத்துவிட்டு, விடைத்தாள் கட்டையும் கைபேசியையும் வேறு அறையில் வைத்துவிட்டு, அவர் கீரை ஆயும்போது எதிரே உட்கார்ந்து நீங்களும் ஒரு பிடி எடுத்துக்கொள்ளுங்கள். "தம்பி பேரு என்னம்மா?" என்று கேளுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். அன்று முழுவதும் பதில் வராமலும் போகலாம். ஆண்டுக் கணக்கு இடித்தால் இடிக்கட்டும். அழுதால், அழாதே என்று அடக்காதீர்கள், தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போகவும் செய்யாதீர்கள். "அப்புறம்?" என்று மட்டும் கேட்கலாம், அதுவும் அவர் நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தால்.

இன்னொன்று. இதைப் படித்ததும் கோத்தகிரிப் பெரியம்மாவுக்கு ஃபோன் போட்டு விவரம் கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி வாய் திறந்தவர் உங்கள் அம்மா, திறந்தது உங்களிடம். அக்காவும் தங்கையும் இத்தனை காலம் எதனால் அதைப் பேசாமல் வைத்திருந்தார்கள் என்று தெரியாமல், அவர் முதுகுக்குப் பின்னால் போய் விசாரிப்பது இரண்டாவது அவமானம். பெயரையும் மற்றதையும் அவரே சொன்ன பிறகு, பெரியம்மாவைப் போய்ப் பார்க்கலாமா என்று அவரையே கேளுங்கள். சரி என்றால், பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு நீங்களே அழைத்துக்கொண்டு போங்கள்.