கடைசி வாங்கில் ஒருவர்

அன்புள்ள மிஸ்,

கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் எம்ஃபில் செய்கிறேன். போன கிழமை அதே துறையில் தற்காலிக உதவி விரிவுரையாளராக ஒரு வருட ஒப்பந்தம் தந்திருக்கிறார்கள். அடுத்த மாதம் முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு டியூட்டோரியல் எடுக்க வேண்டும். எப்படிப் படிப்பிப்பது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. கேட்டதற்கு, "நீர் ஃபெர்ஸ்ட் கிளாஸ்தானே, பிறகென்ன?" என்றார்கள். அமெரிக்காவில் பிஎச்டி செய்யும் என் மச்சாளுக்கு வகுப்பு எடுக்க முன் பயிற்சி கொடுத்தார்களாம். இங்கே சேலை உடுப்பதா இல்லையா என்பதை மட்டும்தான் பேசுகிறார்கள். பவர்பொயின்ட் போட்டால் போதுமா? இப்போதைய பிள்ளைகள் கேள்வி கேட்டால் வாய் திறப்பதில்லை, போனைத்தான் பார்க்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள். உண்மையில் எனக்கு ஆய்வில்தான் விருப்பம். படிப்பித்தல் இடையில் வரும் சுமை. இந்த ஒப்பந்தத்தை ஏற்பதா, விட்டுவிட்டு ஆய்வை முடிப்பதா?

வ.

அன்புள்ள வ.,

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பின்னேரங்களில் ஒன்லைனில் விரிவுரை நடக்கும். பாதி எனக்கும் கேட்கும். என்ன பாடம் என்பது பிடிபடாது. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் அந்த விரிவுரையாளர், பாவம், இளம் குரல், "விளங்குதா?" என்று கேட்பார். கேட்ட கையோடு "சரி, அடுத்தது" என்பார். அந்த 'விளங்குதா'வுக்கும் 'சரி'க்கும் நடுவில் ஒரு நுளம்பு பறக்க இடமிருக்காது. ஒரு மாதமாக இதைக் கேட்டுப் புகைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

சேலை: பிடித்தால் உடுங்கள். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போக வேண்டுமென்றால் வேண்டாம். பவர்பொயின்ட்: படம் காட்ட வேண்டிய இடத்தில் போடுங்கள், மறந்துபோவேன் என்ற பயத்தில் போடாதீர்கள். மச்சாள் சொன்னது உண்மைதான். மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962இலேயே கற்பித்தலுக்கென்று ஒரு மையம் திறந்தது. 1993இல் அமெரிக்காவில் இதற்கென ஒரு தேசியத் திட்டமே தொடங்கினார்கள். கலாநிதிப் பட்ட மாணவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய், அங்கே படிப்பிக்கும் ஒருவரின் கூடவே இருந்து பார்த்துப் பழகினார்கள். நம்மிடமும் ஒன்றுமில்லை என்று சொல்லக் கூடாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1997இலிருந்து பணியாளர் அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. தகுதிகாண் விரிவுரையாளர்கள் நிரந்தரமாவதற்கு அப்படியான ஒரு கற்கையை முடித்தாக வேண்டும். அது வேலை கிடைத்த பிறகு. உங்களைப் போல ஒரு வருட ஒப்பந்தத்தில் வருகிறவர்கள் அந்தக் கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை. முதலாம் வருடப் பிள்ளை முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான்.

ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கப் போகிறவர் தேசிய கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம் இருக்க வேண்டும். இரண்டு வருடம் அங்கேயே தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. அவர் படிப்பிப்பதை ஒருவர் வந்து உட்கார்ந்து பார்ப்பார். இருபது வயதுப் பிள்ளைக்குப் படிப்பிக்க ஃபெர்ஸ்ட் கிளாஸ் போதும். நன்றாகச் சாப்பிடுகிறவனுக்குச் சமைக்கவும் வரும் என்று நினைக்கிற மாதிரித்தான் இது.

அடுத்து அந்த 'சுமை'. பிள்ளை, அந்தச் சொல்லில்தான் எனக்குக் கோபம் வந்தது. அது உங்கள் சொல் இல்லை, மேலே இருப்பவர்கள் உங்கள் கையில் தந்தது, தெரியும். ஆனால் வாங்கி வைத்துக்கொண்டது நீங்கள். உங்கள் ஆய்வேட்டை எத்தனை பேர் வாசிப்பார்கள்? மேற்பார்வையாளர், இரண்டு பரீட்சகர்கள். நன்றியுரையை மட்டும் அம்மா. வகுப்பில் இருக்கப்போவது நாற்பது பேர். அவர்களைச் சுமை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனால், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். கடைசி வாங்குக்காரர் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

சரி, என் கதை. எந்தப் பல்கலைக்கழகம் என்பதை விடுவோம். 1992. எண்பதுகளின் கடைசியில் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்த காலத்தின் நெரிசல் இன்னும் தீராத நேரம். பொருளியல், முதலாம் வருடம், தமிழ் மொழிமூலம். வாசிப்பது இங்கிலிஷ் புத்தகம், பேசுவது தமிழ். ஒரு மணித்தியாலத்துக்கென்று இரவிரவாக எழுதிக்கொண்டு போன குறிப்பு பதினேழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆசிரியராகத் தகாதவருக்கு நன்னூல் சொல்லும் உவமைகளில் கழற்குடம் ஒன்று. கழற்சிக்காய் நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், போட்ட முறை இல்லாமல் எல்லாம் ஒரேயடியாகக் கொட்டும். அன்றைக்கு நான்தான் அந்தக் குடம். மிச்ச நேரத்துக்கு அதே குறிப்பைச் சொல்லிச் சொல்லி எழுத வைத்தேன். பிள்ளைகள் சந்தோசமாக எழுதினார்கள், அதுதான் கொடுமை.

துறையில் ஒரு சிரேஷ்ட விரிவுரையாளர் இருந்தார். சிங்களவர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. மூன்றாம் கிழமை, வரலாமா என்று கேட்டுவிட்டு வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார். தமிழில் வணக்கத்துக்கு மேல் அவருக்குத் தெரியாது. இவர் என்னத்தைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். முடிந்ததும் கன்ரீனில் பிளேன்ரீ வாங்கித் தந்து, ஒரு கடதாசித் துண்டை நீட்டினார். பென்சிலால் இரண்டு வரிசைக் கோடுகள். "பதினொரு தரம் கேள்வி கேட்டீர். குரல் மேலே போனதில் தெரிந்தது. பதினொரு தரமும் நீரே பதில் சொன்னீர். எனக்கு ஒன்று என்று எண்ணக்கூட நேரம் கிடைக்கவில்லை. இனி ஏழு வரை எண்ணும்." அவ்வளவுதான். பிறகு மகளின் கலியாணத்தைப் பற்றிப் பேசினார்.

நம்முடைய பழைய உரையாசிரியர்களும் 'என்னை?', அதாவது 'ஏன்?', என்று தாங்களே கேட்டுத் தாங்களே விடை சொன்னவர்கள்தான். ஆனால் அவர்கள் முன்னால் இருந்தது ஏடு.

அந்தச் சிரேஷ்ட விரிவுரையாளர் சொன்னதற்கு ஆராய்ச்சி இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்கர் அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் பள்ளிக்கூட விஞ்ஞான வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு செக்கன் அளவுதான். அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள், 'தெரியாது' குறைந்தது. காசு செலவில்லாத வைத்தியம். அதனால்தான் ஒருவரும் செய்வதில்லையோ என்னவோ.

ஏழு செக்கன் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இப்போதே கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். வகுப்பில் அது இதைவிடப் பத்து மடங்கு நீளும். இரண்டில் மின்விசிறிச் சத்தம் கேட்கத் தொடங்கும். மூன்றில், எல்லோரும் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். நாலில் கை தானாக வெண்பலகைப் பேனாவைத் தேடும். ஐந்தில் வாய் திறக்கும். மூடுங்கள். ஏனென்றால் அந்த நேரத்தில்தான் வாங்கில் வேலை நடக்கிறது. உங்கள் வகுப்பு இங்கிலிஷில். முன்னால் இருப்பது உயர்தரம்வரை தமிழிலோ சிங்களத்திலோ படித்துவிட்டு வந்த பிள்ளை. கேள்வியைக் கேட்டு, தன் மொழிக்கு மாற்றி, அங்கே விடையைத் தேடி, அதை மறுபடி இங்கிலிஷாக்கி, 'இஸ்'ஸா 'ஆர்'ஆ என்று பார்த்து, சொன்னால் சிரிப்பார்களா என்றும் யோசித்து, பிறகுதான் கை எழும்பும். மட்டக்களப்பிலிருந்து வந்த பிள்ளைக்கும் அப்படித்தான், மாத்தறையிலிருந்து வந்த பிள்ளைக்கும் அப்படித்தான். கொழும்பில் இங்கிலிஷ் பேசும் வீட்டில் வளர்ந்த இரண்டு பேர் முதல் செக்கனிலேயே பதில் சொல்லிவிடுவார்கள். நீங்களும் 'ஆ, வகுப்பு நல்லாப் போகுது' என்று நினைப்பீர்கள். மற்ற முப்பத்தெட்டுப் பேரும் பாதி வழியில் நிற்பார்கள். நாலு தரம் அப்படி நின்ற பிள்ளை ஐந்தாம் தரம் வெளிக்கிடாது. போனைப் பார்க்கிறார்கள் என்கிறீர்களே, வேறு எதைப் பார்க்கச் சொல்கிறீர்கள்?

நானும் எண்ணப் பழகினேன். முதல் இரண்டு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பையன் கொட்டாவி விட்டான். மூன்றாம் கிழமை, கோதுமை மாவின் விலை ஏறினால் வாங்கும் அளவு என்னவாகும் என்று கேட்டுவிட்டு நின்றேன். ஆறாவது செக்கனில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை, அதுவரை குரலே கேட்டிராத பிள்ளை, சொன்னாள்: "எங்க லயத்துல மா வெல கூடுனா ரொட்டி கொறயாது மிஸ். கறிதான் கொறயும்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "அது வேற விசயம், விடை என்னவென்றால், குறையும்" என்று சொல்லிக் கீழ்நோக்கிச் சரியும் கோட்டைக் கீறினேன். காத்திருக்கச் சொல்லித் தந்தவர், வந்த பதிலை என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை.

அடுத்த வருடம் என்னுடைய முதுமாணிக்காக இங்கிலாந்துப் பொருளியலாளர் மார்ஷலின் பொருளியல் நூலை வாசித்தேன். 1895இல் வந்த பதிப்பில், கிஃபன் என்ற புள்ளிவிபரவியலாளர் எடுத்துக் காட்டியதென்று ஒரு விஷயம் சேர்த்திருக்கிறார். பாண் விலை ஏறினால் ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் பாணைக் குறைப்பதில்லை. இறைச்சியைக் குறைத்துவிட்டு, முன்பைவிடக் கூடப் பாண் சாப்பிடுகின்றன. பாடப்புத்தகங்கள் அதற்குக் கிஃபன் பண்டம் என்று பெயர் வைத்து, ஒரு வினோதம் போலப் படம் கீறிக் காட்டும். அந்தப் பிள்ளை அதற்கு ஒரு படி கீழே வந்து நின்றிருக்கிறாள். "ஏன் குறையாது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் மிச்சத்தையும் அவளே சொல்லியிருப்பாள். அந்த வருடம் முழுக்க அவள் பிறகு என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அன்றைக்குக் கடைசி வாங்கில் அந்த மனிதர் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அவள் சொன்னது அவருக்கு விளங்கியிருக்காது. நான் சிரித்தபோது அவள் முகம் போன போக்கு விளங்கியிருக்கும்.

ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எம்ஃபில் பதிவில் இன்னும் எவ்வளவு காலம் மிச்சம் என்று முதலில் பாருங்கள். ஒரு வருடம் தாங்கும் என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். கொழும்பில் அறை வாடகையும் கட்ட வேண்டுமே.

முதல் வகுப்பு என்றைக்கு என்று எழுதுங்கள். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் எனக்கு வேலை இல்லை. துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கினால் வந்து கடைசி வாங்கில் இருக்கிறேன். உங்கள் பாடத்தில் எனக்கு ஒரு அட்சரமும் தெரியாது, அது நல்லதுக்குத்தான். பென்சில் நானே கொண்டு வருவேன்.