மாஸ்டரைக் கேளுங்கள்: குங் பாவ் சிக்கன் ஸ்பெஷல்

(போன இதழில் சொன்ன குங் பாவ் சிக்கனை, அதாவது வரமிளகாயும் நிலக்கடலையும் போட்டுச் செய்யும் சீனாவின் சிச்சுவான் மாகாணக் கோழி வறுவலைச் செய்துபார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.)

மாஸ்டர், முக்கால் கிலோ கோழியில் நீங்கள் சொன்னபடியே செய்தேன். கடாயில் போட்டதும் தண்ணீர் விட்டுக் குழம்பு மாதிரி ஆகிவிட்டது. வற்றவிட்டேன், கறி ரப்பராகிப் போச்சு. எங்கே தப்பு?
– வாசகி, திண்டுக்கல்

முக்கால் கிலோ என்கிறீர்களே அம்மா, அங்கேதான்! நான் சொன்னது 300 கிராம். வீட்டு அடுப்பில் பெரிய பர்னரே சுமார் 3 கிலோவாட்தான் கொடுக்கும். ஹோட்டலில் நாங்கள் நின்ற சைனீஸ் ரேஞ்ச் அடுப்பு அதைப்போல ஏழெட்டு மடங்குக்குக் குறையாது. கறியிலிருந்து கசியும் தண்ணீரை அந்த நெருப்பு அப்போதைக்கப்போதே ஆவியாக்கிவிடும். உங்கள் அடுப்பில் முக்கால் கிலோவைக் கொட்டினால் கடாய் குளிர்ந்துபோகும், கறி தன் தண்ணீரிலேயே வேகும். பிறகு எவ்வளவு வற்றவிட்டாலும் வறுவல் ஆகாது.

300 கிராமைக் கடாயில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால் இரண்டாவது ஈடு போடுங்கள். கழுவிய கோழியை வடிகட்டியில் வைத்தால் மட்டும் போதாது, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இரும்புச் சட்டி இருந்தால் அதையே எடுங்கள். காலியாகக் காயவைத்து, லேசாகப் புகை கிளம்பிய பிறகு எண்ணெய். நான்ஸ்டிக் தவாவில் இந்த வேலை வேண்டாம். 260 டிகிரி தாண்டினால் அதன் பூச்சு சிதைய ஆரம்பிக்கும். காலிப் பாத்திரம் பெரிய நெருப்பில் அந்தச் சூட்டைச் சீக்கிரமே தொட்டுவிடும்.

போன இதழ் எனக்குக் கிடைக்கவில்லை. அளவுகளை மறுபடி சொல்ல முடியுமா?
– வாசகர், காரைக்குடி

சொல்கிறேன் தம்பி. எலும்பில்லாத தொடைக்கறி 300 கிராம், சுண்டுவிரல் நுனி அளவுத் துண்டுகளாக. நெஞ்சுக்கறியும் போடலாம், ஆனால் அரை நிமிடம் அசந்தால் வறண்டுவிடும். இரண்டு டீஸ்பூன் சோயா சாஸ், ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் விட்டு, கறி தண்ணீரைக் குடிக்கும்வரை கையால் பிசறுங்கள். பிறகு ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன் ஃப்ளார், கடைசியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய். அரை மணி ஊறட்டும். சீனாவில் இதில் அரிசி ஒயினும் விடுவார்கள். நம் வீட்டில் இஞ்சியை நசுக்கிப் பிழிந்த சாறு ஒரு ஸ்பூன் விட்டால் கவிச்சி போய்விடும்.

சாஸுக்குத் தனிக் கிண்ணம்: சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், கருப்பு வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன், சோயா இரண்டு டீஸ்பூன், கார்ன் ஃப்ளார் ஒரு டீஸ்பூன், தண்ணீர் இரண்டு டேபிள்ஸ்பூன். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே இது கலந்து தயாராக இருக்க வேண்டும். பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி எல்லாம் நறுக்கிப் பக்கத்தில் வந்துவிட வேண்டும். அடுப்பில் மொத்த வேலையே ஐந்தாறு நிமிடம்தான். நடுவில் பூண்டு உரிக்கப் போனால் கதை முடிந்தது.

காய்ந்த சட்டியில் மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய். தீயைக் குறைத்து, கிள்ளி விதை உதறிய வரமிளகாய் பத்து, சிச்சுவான் மிளகு ஒரு டீஸ்பூன். இந்த இடத்தில் கண்ணை எடுக்காதீர்கள். மிளகாய் முதலில் உப்பும், நிறம் கூடும், பிறகு ஓரம் மட்டும் காப்பிப் பொடி நிறத்துக்கு வரும். தொண்டையில் லேசாகக் கமறும். அதுதான் பதம். அடுத்த ஐந்தாறு நொடியில் கரிந்துவிடும், அப்புறம் எண்ணெயே கசக்கும். பதம் வந்ததுமே தீயைக் கூட்டிக் கறியைக் கொட்டிப் பரப்புங்கள். அரை நிமிடம் தொடக் கூடாது! அடியில் சிவந்த பிறகு கிளறுங்கள். நிறம் மாறி வெள்ளையாகி நன்றாக வெந்ததும் பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள். மணம் எழுந்தால் சாஸ் கிண்ணத்தின் அடியில் தங்கிய மாவைக் கலக்கிவிட்டு, சட்டியின் ஓரமாக ஊற்றுங்கள். கொதித்துப் பளபளவென்று கறியில் ஒட்டும். வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி போட்டு உடனே இறக்குங்கள். கடலையை முன்னாலேயே போட்டால் நமத்துப்போகும்.

ஆன்லைனில் சிச்சுவான் மிளகு வாங்கினேன். சாப்பிட்டதும் உதடும் நாக்கும் மரத்து ஊசி குத்துவதுபோல் ஆகிவிட்டது. கெட்டுப்போன சரக்கா?
– வாசகி, கோவை

நல்ல சரக்கு கிடைத்திருக்கிறது உங்களுக்கு. மரத்துப்போகாவிட்டால்தான் பழைய சரக்கு. நம் மிளகுக்கும் இதற்கும் உறவே கிடையாது. இது எலுமிச்சைக் குடும்பம். தோலில் இருக்கும் சான்ஷூல் என்ற பொருள்தான் நாக்கில் அந்த அதிர்வைக் கிளப்புகிறது. உள்ளே கறுப்பு விதை இருந்தால் பொறுக்கி எறியுங்கள், மணல்போல் நெறநெறக்கும். அமெரிக்காவில் 1968 முதல் 2005 வரை இதை இறக்குமதி செய்யத் தடையே இருந்தது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் சொறிநோய் இதன்வழியாக வந்துவிடும் என்ற பயம்.

கிடைக்காதவர்களுக்கு: கொங்கணத்தில் மீன் குழம்புக்குப் போடும் திர்பல் இதன் உறவுக்காரன். கோவா பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வாங்கிவரச் சொல்லுங்கள். நம் மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டால் வேறொரு நல்ல வறுவல் கிடைக்கும், இது கிடைக்காது.

பத்து மிளகாயா? எங்கள் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் மாஸ்டர்.
– வாசகி, தாம்பரம்

மிளகாயைத் தின்பதற்காகப் போடவில்லையம்மா, எண்ணெய்க்கு வாசம் ஏற்றுவதற்காக. சீனர்களும் அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவார்கள். விதையை உதறிவிட்டாலே பாதிப் பயம் போகும். குழந்தைகள் இருந்தால் முழுக்கக் கர்நாடகத்துப் பேடகி மிளகாயே போடுங்கள். வாசமும் நிறமும் உண்டு, காரம் குறைவு. நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய் சாம்பாருக்கு ராஜா, ஆனால் இதற்குக் கிள்ளி உதற நீள மிளகாய்தான் வசதி.

குங் பாவ் என்று ஒருவர் இருந்தாரா?
– வாசகர், தஞ்சாவூர்

அது ஒரு பட்டம். சீனாவில் சிங் வம்ச மன்னராட்சிக் காலத்தில் சிச்சுவானை ஆண்ட திங் பாவ்ஜன் என்ற அதிகாரிக்கு இருந்த பட்டம், இறந்தது 1886இல். அவர் பிறந்தது குய்சோ, அதிகாரம் செய்தது ஷான்டோங்கிலும் சிச்சுவானிலும். அதனால் மூன்று ஊர்க்காரர்களும் ‘எங்கள் ஊர்ச் சமையல்’ என்று இன்றுவரை மல்லுக்கு நிற்கிறார்கள். மாவோவின் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் மன்னராட்சி அதிகாரி பெயர் கூடாதென்று மெனுவில் இதன் பெயரையே மாற்றினார்கள். சமைக்கிறவனுக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியாது, ஆர்டர் வந்தால் போடுவான்.

அஜினோமோட்டோ போடலாமா?
– வாசகர், வேலூர்

போட்டால் தப்பில்லை, இதற்குத் தேவையில்லை. அதில் இருக்கும் குளுட்டமேட் சோயா சாஸிலேயே இருக்கிறது.

கருப்பு வினிகர் எங்கள் ஊரில் கிடையாது. சாதா வினிகர் ஊற்றலாமா?
– வாசகி, பட்டுக்கோட்டை

ஊற்றலாம், ஆனால் அதே அளவு ஊற்றினால் மூக்கைத் துளைக்கும். இரண்டு டீஸ்பூன் போதும். அதோடு சர்க்கரை இன்னும் கால் டீஸ்பூன் சேருங்கள். மால்ட் வினிகர் கிடைத்தால் இன்னும் நல்லது. கருப்பு வினிகரான சீனாவின் சென்ஜியாங் வினிகர் பசை அரிசியில் செய்வது, அந்த மென்மையான புளிப்பு இதில் முழுக்க வராது.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் பத்துப் பேர். இதைச் செய்யலாமா?
– வாசகர், நாகர்கோவில்

ஐந்து ஈடு போடவேண்டி வரும் தம்பி. எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட, நீங்கள் மட்டும் அடுப்படியில் நிற்பீர்கள். அன்றைக்குக் கோழிக் குழம்பு வையுங்கள். இது இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர் சாப்பிடும் ராத்திரிக்கு.