வாசகர் கேள்வி – பதில்: மார்கழிக் கச்சேரிக்குக் காரில் போகலாமா?

கேள்வி: சென்ற மார்கழியில், மயிலாப்பூரில் ஆறு மணிக்குத் தொடங்கவிருந்த ஒரு கச்சேரிக்காகச் செங்கல்பட்டிலிருந்து மூன்று மணிக்கே குடும்பத்துடன் காரில் புறப்பட்டோம். ஐந்தேகாலுக்கு லஸ் முனைக்கு வந்துவிட்டபோதிலும், வண்டியை நிறுத்த இடம் தேடி ஒரு மணி நேரம் சுற்றியதில் கச்சேரியின் முதல் உருப்படியான வர்ணம் முழுவதும் போய்விட்டது. அடுத்த முறை மதியமே கிளம்பினால் சரியாகுமா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: சரியாகாது. செங்கல்பட்டிலிருந்து லஸ் வரை வருவதற்கு ஆன நேரத்தில் ஏறக்குறையப் பாதியை லஸ்ஸைச் சுற்றியே செலவிட்டிருக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர்ப் பகுதிகளில் சபாக்கள் வேரூன்றியது, ரசிகர்களில் பெரும்பாலோர் நடந்தும் பேருந்திலும் வந்துகொண்டிருந்த காலத்தில். மியூசிக் அகாடமியின் இன்றைய அரங்கம் திறக்கப்பட்ட 1962இல் அது இருக்கும் டி.டி.கே. சாலையை ஊரார் மௌபரீஸ் ரோடு என்றுதான் சொல்லிவந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு கார் என்ற கணக்கு அந்தத் தெருக்களுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, நான்கு மணிக் கச்சேரி முடிந்து வெளியேறும் வண்டிகளும் மாலைக் கச்சேரிக்கு உள்ளே நுழையும் வண்டிகளும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மூன்றாம், நான்காம் வழித்தடங்கள் இரண்டும் மயிலாப்பூரின் திருமயிலை நிலையத்தில்தான் சந்திக்கின்றன என்பதால், அந்தப் பணிக்காகச் சாலையின் அகலமும் போக்குவரத்துத் திசையும் மாறியதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆகவே காரைச் செங்கல்பட்டு நிலையத்திலேயே விட்டுவிட்டு, மின்சார ரயிலில் கிண்டி வரை வந்து, பக்கத்திலேயே இருக்கும் மெட்ரோவில் ஏறித் தேனாம்பேட்டையிலோ ஏ.ஜி. – டி.எம்.எஸ்.ஸிலோ இறங்கி ஆட்டோ பிடியுங்கள். கார் இல்லாமல் முடியாது என்றால், ஆலந்தூர் மெட்ரோ நிலையத்தின் வாகன நிறுத்தத்தோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள். முதியவர்கள் உடன் வந்தால், அவர்களைச் சபா வாசலில் இறக்கிவிட்டு ஒருவர் மட்டும் வண்டியோடு போவது பழைய உத்தி. ஆனால் அப்படிப் போகிறவர் பல்லவியைக் கேட்டதாக நான் அறிந்ததில்லை.

கேள்வி: கச்சேரி முடிந்து வந்தபோது என் கார் சக்கரத்தில் பூட்டு போட்டிருந்தார்கள். அரை மணி நேரம்கூட நிறுத்தவில்லை. இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?
– வாசகர், தாம்பரம்

பதில்: உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவில், வண்டி பத்து மணி நேரமாவது நின்றிருந்தால்தான் நடவடிக்கை என்றொரு கணக்கு வருகிறது. பொது இடத்தில் கவனிப்பாரற்று விடப்பட்ட வண்டிக்கு அது பொருந்தும். நிறுத்தக் கூடாது என்று சட்டப்படி தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டிக்குப் பொருந்தாது. அத்தகைய வண்டியைச் சீருடையிலுள்ள காவல் அதிகாரியின் உத்தரவின்பேரில் உடனே இழுத்துச் செல்லலாம். சக்கரத்தைப் பூட்டவும் செய்யலாம். இழுத்துச் செல்லும் செலவும் உரிமையாளருடையதே, அபராதம் தனி. ஆனால் பணத்துக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை. அங்கே தடைப் பலகை இருந்ததா என்பதை வண்டியோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பலகையே இல்லாத தெரு என்றால் முறையிட உங்களுக்கு அது ஒன்றுதான் ஆதாரம்.

கேள்வி: மிருதங்கம் முதலான தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து வந்துவிட்டால் நெரிசலிலிருந்து தப்பலாம் என்கிறாரே என் கணவர்?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: அரங்கில் பாதிப் பேர் அதையே நினைத்து எழுவதால்தான் அந்த நேரத்தில் வாசலில் நெரிசல், உள்ளே மிருதங்கக்காரருக்கு வருத்தம். கடைசியில் பாடும் சிறு பாடல்களான துக்கடா வரை உட்கார்ந்து, வெளியே வந்ததும் ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்புங்கள். வாடகைக் காரில் திரும்புவதானால், சபா வாசலுக்கு அழைக்காமல் இரண்டு தெரு தள்ளிப்போய் அழையுங்கள். மெட்ரோ இரவு 11 மணி வரை ஓடுகிறது.