சொல்யூஷன் வாசனையும் மரத்த பாதமும்

கேள்வி: ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் மூன்று வருடமாக இருக்கிறேன். இரண்டு மாதமாகப் பாதங்கள் மரத்திருக்கின்றன. செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை. சர்க்கரை இல்லை. சொல்யூஷன் வாசனையால் இப்படி வருமா? பி காம்ப்ளெக்ஸ் ஊசி போட்டும் குறையவில்லை.
– வாசகி, ஆம்பூர்

பதில்: வரும். அந்தச் சொல்யூஷனில் என்-ஹெக்சேன் என்ற கரைப்பான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூச்சில் போகும் ஹெக்சேனைக் கல்லீரல் 2,5-ஹெக்சேன்டையோனாக மாற்றுகிறது. நரம்பிழைக்குள் ஓடும் புரத நார்களை அது ஒன்றோடொன்று பிணைத்துவிடும். நார்கள் நகராமல் தேங்க, அங்கங்கே நரம்பு வீங்கிச் செயலிழக்கிறது. நீளமான நரம்புதான் முதலில் அடிவாங்கும். அதனால் பாதத்தில் தொடங்கி, பிறகு கைக்கு வரும். ஒரு காலில் மட்டும் மரத்தால் இடுப்பு நரம்பைச் சந்தேகிக்கலாம்.

டப்பாவோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் 110-54-3 என்ற எண் இருந்தால் அது ஹெக்சேன். கூடவே எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) என்ற இன்னொரு கரைப்பான் கலந்திருந்தால் பாதிப்பு கடுமையாகும். டாக்டரிடம் மரத்துப்போவதை மட்டும் சொல்லாமல், செய்யும் வேலையையும் சொல்லுங்கள். தேவையானவை நரம்புக் கடத்தல் சோதனை, பி12, தைராய்டு. சிறுநீரில் ஹெக்சேன்டையோன் பார்ப்பதென்றால் ஷிஃப்ட் முடிந்த கையோடு கொடுக்க வேண்டும். சில நாள் லீவு போட்டபின் கொடுத்தால் ஒன்றும் தெரியாது.

உடனே வேறு பிரிவுக்கு மாறுங்கள். மாறிய பிறகும் இரண்டு மூன்று மாதம் மோசமாகலாம். பயந்து வைத்தியத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். தேற மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். குறைபாடு இல்லாதவருக்கு பி காம்ப்ளெக்ஸால் பயனில்லை. அதிலுள்ள பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்பது ஊசி போடுபவர்களுக்கே பல நேரம் நினைவிருப்பதில்லை.

கூட வேலை செய்பவர்களுக்கும் இது பொருந்தும். ஹெக்சேன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். கூரையில் மாட்டிய எக்ஸாஸ்ட் போதாது, மேசை மட்டத்திலேயே உறிஞ்ச வேண்டும். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். டப்பாவைத் திறந்தே வைக்காதீர்கள்.

கேள்வி: கார் மெக்கானிக் நான். பிரேக் கிளீனர் ஸ்பிரே அடிக்கும்போது கையுறை போட்டால் போதாதா?
– வாசகர், சேலம்

பதில்: போதாது. அதிகம் உள்ளே போவது மூச்சு வழியாகத்தான். கலிஃபோர்னியாவில் 1999, 2000 ஆண்டுகளில் ஹெக்சேன் கலந்த கிளீனர் பயன்படுத்திய மெக்கானிக்குகளுக்கு இதே நரம்புப் பாதிப்பு வந்தது. ஹெக்சேனோடு அசிட்டோனும் சேர்ந்த ஸ்பிரே இன்னும் மோசம். தண்ணீர் கலந்த கிளீனரால் கழுவுங்கள். நேரம் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான்.