ஒரே எறும்பு, பல ஈக்கள்

கேள்வி: நெருப்பெறும்பின் தலையை உதிரச் செய்யும் ஒட்டுண்ணி ஈக்களில் பல இனங்கள் ஒரே இடத்தில், ஒரே எறும்பினத்தை நம்பி வாழ்வதாகப் படித்தேன். அவற்றுக்குள் போட்டி வராதா?

பதில்: வரும், ஆனால் பங்கீடும் இருக்கிறது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்த ஈக்கள் சூடாக்டியான் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. நீளம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டருக்குள் அடங்கும். பெண் ஈ நொடிப்பொழுதில் எறும்பின் மார்புப் பகுதிக்குள் ஒரு முட்டையைச் செலுத்திவிடும். அதிலிருந்து வெளிவரும் புழு தலைக்குள் புகுந்து வளர்ந்து, தலையையும் உடலையும் இணைக்கும் சவ்வுகளைக் கரையச் செய்து, உதிர்ந்த தலையோட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. எனவே ஒரு தலைக்கு ஓர் ஈதான்.

நெருப்பெறும்பின் ஒரே புற்றில் 2 மில்லிமீட்டர் முதல் 6 மில்லிமீட்டர் வரை பல அளவுகளில் வேலைக்கார எறும்புகள் உண்டு. கர்வேட்டஸ் இன ஈ சிறியவற்றையும், டிரைகஸ்பிஸ் நடுத்தரம் முதல் பெரியவை வரையிலும், லிட்டோராலிஸ் மிகப் பெரியவற்றையும் நாடுகின்றன. இந்த ஈக்களில் பெரிய தலையிலிருந்து பெரும்பாலும் பெண்ணும், சிறிய தலையிலிருந்து ஆணும் வெளிவருவதால், பெரிய எறும்புகள் கிடைக்காத இனத்தில் பெண் ஈக்களே குறைந்துபோகும். அளவுப் பங்கீடு அத்தனை முக்கியம்.

நேரமும் இடமும் வேறுபடுகின்றன. டிரைகஸ்பிஸ் நண்பகலை ஒட்டியும், லிட்டோராலிஸ் காலையிலும் அந்தி நெருங்கும்போதும் சுறுசுறுப்பாக இயங்குகின்றன. இவ்விரண்டும் கலைக்கப்பட்ட புற்றைத் தேடி வர, ஒப்டூசஸ் இனமோ இரைதேடும் தடங்களில் காத்திருக்கிறது. காலையில் முட்டை ஏற்ற எறும்பு மாலையில் வரும் ஈக்குப் பயன்படாது என்பதால் நேரப் பங்கீட்டில் என்ன லாபம் என்று நீங்கள் கேட்கலாம். முட்டை ஏற்பவை பொதுவாக நூற்றில் மூன்றுக்கும் குறைவு என்பதால், எறும்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஈயைக் கண்டதும் அவை இரைதேடுவதை விட்டு ஒளிந்துகொள்கின்றன. அரிதாவது வெளியில் நடமாடும் எறும்புதான் என்பதால், வெவ்வேறு வேளைகளில் வருவது உதவத்தான் செய்கிறது.

இப்பங்கீடு எங்கும் குலையாமல் நிற்பதில்லை. வந்தேறிய நெருப்பெறும்பைக் கட்டுப்படுத்த அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1997 முதல் டிரைகஸ்பிஸையும், சில ஆண்டுகளுக்குப் பின் கர்வேட்டஸையும் விட்டார்கள். கர்வேட்டஸ் பெருகிய பல இடங்களில், முன்னே வந்த டிரைகஸ்பிஸ் வெகுவாகக் குறைந்துவிட்டது.