பெரியப்பாவின் பல்

அன்புள்ள ஐயா,

விலங்கியல் பட்டம் முடித்துவிட்டு இப்போது சுகாதார ஆய்வாளர் பயிற்சியில் முதலாண்டு படிக்கிறேன். ஊர் தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம். உங்கள் பாட்டியின் காலில் இருந்த தழும்பைப் பற்றி முன்பு எங்கோ இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அந்த ஞாபகத்தில்தான் இந்தக் கடிதம்.

வீட்டில் யாருக்கும் இந்தப் படிப்பின் மேல் மரியாதை இல்லை. "சாக்கடைக்கு மருந்து அடிக்க ரெண்டு வருஷம் படிக்கணுமாம்மா?" என்று பெரியப்பா கேட்கிறார். வாசலில் சாணம் தெளித்த நம் முன்னோருக்குத் தெரியாததா என்பது அவர் கட்சி. சில நாள் எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. கை கழுவு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, குப்பையை மூடி வை. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே? மீதி நேரம் எந்த நோய்க்கு எத்தனை நாளில் அறிகுறி வரும் என்ற பட்டியலை உருப்போடுகிறோம். இதில் உண்மையிலேயே படிக்க என்ன இருக்கிறது?

ச.

அன்புள்ள ச.,

பாட்டியின் தழும்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இடது கணுக்காலுக்கு மேலே, பழைய எட்டணா அளவில், பளபளவென்று இருக்கும். கேட்டால் "நரம்புச் சிலந்தி" என்பார். சின்ன வயதில் அதை ஏதோ காலுக்குள் வலை பின்னுகிற பூச்சி என்று நினைத்துப் பயந்திருக்கிறேன். உண்மையில் அது ஒரு புழு. நூல் கனம்தான் இருக்கும், நீளம் ஒரு மீட்டர் வரை போகும். காலில் கொப்புளம் கிளம்பி உடைந்ததும் அதன் நுனி வெளியே தெரியும். அதை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்கு இரண்டு விரற்கடை, மூன்று விரற்கடை என்று இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும், உள்ளே நின்றுபோன துண்டு சீழ் வைக்கும். பாட்டி மூன்று வாரத்துக்கு மேல் கட்டிலோடு கிடந்தாராம். அந்தப் பருவத்துக் களையெடுப்பு கூலி போயிற்று என்பதைத்தான் வலியைவிட அதிகமாகச் சொல்வார்.

உங்கள் பெரியப்பா சொல்வதில் ஒரு பாதி சரி. நம் ஆட்களுக்கு இந்த நோய்க்குப் பேர் வைக்கத் தெரிந்திருந்தது. குச்சியில் சுற்றத் தெரிந்திருந்தது. அந்தக் குச்சி வைத்தியத்துக்கு மேல் இன்றைய மருத்துவமும் பெரிதாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. அதைக் குணமாக்க மாத்திரை கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. ஏன் பிடிபடவில்லை என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

எங்கள் ஊர்க் கிணறு இறங்கு கிணறு. கயிறு போட்டு இறைக்க வேண்டியதில்லை. படியில் இறங்கிக் குடத்தை முக்கி எடுக்கலாம். கோடையில் தண்ணீர் கீழே போகப் போக, கடைசிப் படியும் தாண்டி முழங்கால் நனைய நிற்க வேண்டும். காலில் கொப்புளம் உள்ளவருக்கு எரிச்சல் தாங்காது. தண்ணீரில் கால் வைத்தால் சுகமாக இருக்கும். புழு எதிர்பார்த்ததும் அதைத்தான். தண்ணீர் பட்டதும் ஆயிரக்கணக்கில் குஞ்சுப் புழுக்களை வெளியே தள்ளும். அவற்றைக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு நீர்ப்பூச்சி தின்னும். சைக்ளாப்ஸ் என்று நீங்கள் விலங்கியலில் படித்திருப்பீர்கள். அந்தப் பூச்சியோடு சேர்த்து அடுத்தவர் தண்ணீரைக் குடிப்பார். வயிற்றில் பூச்சி செத்துப்போகும், புழு பிழைத்துக்கொள்ளும்.

அதற்கப்புறம் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஒன்றுமே நடக்காது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. போன கோடையில் குடித்த ஒரு வாய்த் தண்ணீர்தான் இந்தக் கோடையில் காலில் வந்து நிற்கிறது என்று யாருக்குத் தோன்றும்? குடித்தது வாயால், வந்தது காலில். நடுவே ஒரு பொங்கல், ஒரு அறுவடை, ஒரு கல்யாணம் எல்லாம் கடந்து போயிருக்கும். சாமி குத்தம் என்றார்கள், சூடு என்றார்கள், எதையோ மிதித்துவிட்டாய் என்றார்கள். பாட்டி அறிவில் யாருக்கும் குறைந்தவர் இல்லை. காரணமும் விளைவும் அவ்வளவு தூரம் தள்ளி நின்றால் எந்த அறிவாளிக்கும் கண்ணில் படாது. 1870 வாக்கில் ஃபெட்சென்கோ என்ற ரஷ்யர் மத்திய ஆசியாவில், துருக்கிஸ்தானத்தில் உட்கார்ந்து, நீர்ப்பூச்சிக்குள் அந்தக் குஞ்சுப் புழு நுழைவதைப் பார்த்த பிறகுதான் முடிச்சு அவிழ ஆரம்பித்தது.

அவிழ்ந்த பிறகு செய்ய வேண்டிய வேலை எவ்வளவு எளிமையானது பாருங்கள். படியை அடைத்துக் கைப்பிடிச் சுவர் கட்டி இறைகிணறாக்கு, அல்லது அடிபம்பு போடு. குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டு. கிணற்றில் அந்த நீர்ப்பூச்சியைக் கொல்லும் அபேட் மருந்தை அளவாக விடு. புழு வந்தவரைத் தண்ணீரில் இறங்க விடாதே. 1984இல் இந்தியாவில் சுமார் 40 ஆயிரம் பேருக்கு இந்த நோய் இருந்தது. தமிழ்நாடு முன்னதாகவே விடுபட்டுவிட்டது. கடைசி நோயாளி ராஜஸ்தானில், 1996 ஜூலையில். 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. ஒருவர்கூட ஊசி போட்டுக்கொள்ளாமல் ஒரு நோய் நாட்டைவிட்டே போனது. அதற்காக வீடு வீடாகப் போய், கிணறு கிணறாக இறங்கிப் பார்த்தவர்கள் நீங்கள் படிக்கிற படிப்பைப் படித்தவர்கள். லண்டனில் ஒரு தெருப் பம்பிலிருந்து காலரா பரவியதைக் கண்டுபிடித்த கதை உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கும், அதை விட்டுவிடுகிறேன். எனக்கு இந்தக் கிணற்றுப் படிதான் நெருக்கம்.

சரி, இப்போது "எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்றீர்களே, அதற்கு வருகிறேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. இது உங்கள் மாவட்டத்திலேயே பாதி உண்மைதான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். அது பாறையிலிருந்து வருவது, கிருமி இல்லை. காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே நிற்கும். அதாவது கொஞ்சம் கெட்டிப்படும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் முதலில் பல், அப்புறம் எலும்பு. இதே சென்னை மாகாணத்தில், நெல்லூர்ப் பக்கத்தில், முதுகு வளைந்து மூட்டு இறுகிப்போன மனிதர்களைப் பற்றி 1937இலேயே ஷார்ட் என்ற மருத்துவரும் அவர் சகாக்களும் எழுதினார்கள். உங்கள் ஊருக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது 2013இல். இடையில் ஓடிப்போன வருஷங்களை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிட மோசமான கதை வங்கதேசத்துடையது. குளத்துத் தண்ணீர் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தன. அதைத் தடுக்க எழுபதுகளிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறு போட்டார்கள். நல்ல எண்ணம்தான். தண்ணீரும் கண்ணாடி மாதிரி இருந்தது, வாசம் இல்லை, ருசியில் வித்தியாசம் இல்லை. அதில் ஆர்சனிக் இருந்தது. பல வருஷம் கழித்து உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து முள்முள்ளாயின, மார்பில் புள்ளி புள்ளியாய்க் கறுத்தது. எல்லையின் இந்தப் பக்கம், மேற்கு வங்கத்தில், 1983இல் கே. சி. சாஹா என்ற தோல் மருத்துவர் அதைத் தண்ணீரோடு சேர்த்துப் பார்த்தார். வங்கதேசக் கிணறுகளில் அது உறுதியானது 1993இல். பிறகு கிணறு கிணறாகச் சோதித்து, ஆகாததற்குச் சிவப்பும் ஆனதற்குப் பச்சையும் அடித்தார்கள். தலைமுறையாகக் குடித்த குளத்தை விட்டுக் குழாய்க்கு வரச்சொன்னவர்களே திரும்ப வந்து, இந்தக் குழாயில் குடிக்காதே என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்வதற்கு என்ன மாதிரிப் படிப்பு வேண்டும் என்று நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன்.

அதே வங்கதேசத்தில், மத்லாப் என்ற பகுதியில், பழைய பருத்திப் புடவையை நாலாய் மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொன்னார்கள். காலராக் கிருமி புடவை இழைகளின் இடைவெளியைவிடச் சிறியது, சும்மா போய்விடும். ஆனால் தண்ணீரில் அது மிதவை உயிர்களோடு ஒட்டிக்கொண்டு திரிகிறது, அவை துணியில் மாட்டிக்கொள்கின்றன. காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியிட்டார்கள். நரம்புச் சிலந்திக்குச் செய்த அதே வேலை. என் பாட்டியிடம் புடவை இருந்தது, தண்ணீரும் இருந்தது. இரண்டையும் சேர்க்க வேண்டும் என்று சொல்ல யாரும் வரவில்லை.

நீங்கள் அலுத்துக்கொள்கிற அந்தப் பட்டியலைப் பற்றி ஒன்று. காலரா சில மணி நேரம் முதல் ஐந்து நாள். டைபாய்டு ஒன்றிலிருந்து மூன்று வாரம். மஞ்சள் காமாலையில் ஏ வகைக்குப் பதினைந்து முதல் ஐம்பது நாள். உருப்போட்டால் அலுப்புத்தான். ஆனால் ஒரு தெருவில் பத்துப் பிள்ளைகளுக்குக் கண் மஞ்சளித்திருக்கிறது என்று வையுங்கள். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று ஊரே கேட்டுக்கொண்டிருக்கும். போன மாதம் இந்தத் தெருவில் எந்தக் குழாய் உடைந்தது, எந்தத் திருவிழாவுக்கு எங்கே பந்தல் போட்டீர்கள் என்று கேட்க உங்கள் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும். பட்டியலில் இருக்கிற நாட்கணக்கு ஒவ்வொன்றும், பாட்டிக்குக் குறுக்கே நின்ற அந்த ஒரு வருஷத்தைப் போல, காரணத்துக்கும் நோய்க்கும் நடுவில் விழுந்த இடைவெளியின் அளவு.

சாணத்தைப் பற்றிப் பெரியப்பாவோடு சண்டை போட வேண்டாம், வாசலுக்கு அது தூசி அடக்கும். அடுத்த முறை அவர் சிரிக்கும்போது பல்லைப் பாருங்கள். முன்பல்லில் பழுப்புக் கோடோ திட்டோ இருந்தால், வெற்றிலை போடுகிறவரா என்று முதலில் விசாரித்துவிடுங்கள். இல்லையென்றால், ஏழெட்டு வயதுக்குள் எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேளுங்கள். பல் ஈறுக்குள் உருவாகிற வயதில்தான் அந்தக் கறை விழும், பெரியவரான பிறகு வருவதில்லை. அந்தக் கிணறு இன்னும் இருந்தால் ஒரு பாட்டிலில் பிடித்து, உங்கள் பயிற்சிக்கூடத்தில் ஃபுளோரைடு எவ்வளவு என்று பாருங்கள். என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.